பொம்மைப் படங்கள்: சென்னையில் ஒரு வரலாறு

கார்ட்டூன் படம், அதாவது வீட்டுப் பேச்சில் பொம்மைப் படம், சென்னைப் பிள்ளைகளிடம் முதலில் திரையரங்கு வழியாகவும், பிறகு தூர்தர்ஷன் வழியாகவும், 1990-களின் நடுவிலிருந்து கேபிள் வழியாகவும் வந்து சேர்ந்தது. இந்த ஊர் சொந்தமாக வரைந்த படங்கள் கொஞ்சம்தான். வெளிநாட்டில் வரைந்த படங்களுக்குத் தமிழ்க் குரல் கொடுத்ததே அதிகம். இன்றைக்கும் உட்கார்ந்து பார்க்கத் தகுந்தவை எவை என்று கேட்டால், கை நீளுவது பெரும்பாலும் அந்தக் குரல் கொடுத்த படங்களின் பக்கம்தான்.

தொடக்கம் மவுண்ட் ரோட்டில். 1947-இல் ஜெமினி ஸ்டூடியோ ‘சினிமா கதம்பம்’ என்ற கேலிச்சித்திரப் படத்தை வெளியிட்டது. அந்த முயற்சி தொடரவில்லை. அதே ஆண்டில் சென்னையிலிருந்து வெளிவரத் தொடங்கிய ‘அம்புலிமாமா’வின் வண்ணப் படங்கள்தான் அடுத்த பல ஆண்டுகளுக்கு இந்த ஊர்ப் பிள்ளைகளின் அசையாத கார்ட்டூன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ராம் மோகன் பம்பாய்க்குப் போய், 1956-இல் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் அங்கே பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். இந்திய அனிமேஷனின் தந்தை என்று பின்னாளில் பெயர் பெற்ற ராம் மோகனின் கைவண்ணம் தமிழ்நாட்டுக்கு 1989-இல் ஏவி.எம்.மின் ‘ராஜா சின்ன ரோஜா’ வழியாக வந்தது. ரஜினிகாந்தும் குழந்தைகளும் வரைந்த மிருகங்களோடு ஆடிப் பாடும் அந்தப் பாட்டுக்காகவே தியேட்டருக்குப் போன குடும்பங்கள் உண்டு.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதில் ‘கண்மணிப் பூங்கா’ போன்ற சிறுவர் நிகழ்ச்சிகள் இருந்தன. கார்ட்டூன் என்றால் தேசிய ஒளிபரப்பைத்தான் நம்ப வேண்டியிருந்தது, அதுவும் இந்தியில். 1993-இல் ஞாயிறு காலைகளில் வந்த ‘ஜங்கிள் புக்’ அப்படி வந்ததுதான். நிப்பான் அனிமேஷன் நிறுவனம் 1989-இல் தயாரித்த 52 பகுதித் தொடர் அது. மொழி புரியாவிட்டாலும் மௌக்லியின் கோபமும் பகீராவின் பொறுமையும் புரிந்தன. இன்று அதைத் திரும்பப் பார்க்கும்போது வியப்பது, ஓநாய்க் கூட்டத்தின் சட்டதிட்டங்களையும் சாவையும் குழந்தைகளிடம் மறைக்காமல் சொன்ன நேர்மையைத்தான்.

1995-இல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தது. தொடக்கத்தில் எல்லாம் ஆங்கிலம். ‘டாம் அண்ட் ஜெர்ரி’ மட்டும் எந்த மொழிக்கும் காத்திருக்கவில்லை. வில்லியம் ஹன்னாவும் ஜோசஃப் பார்பராவும் எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக 1940 முதல் 1958 வரை எடுத்த 114 குறும்படங்களில் 7 படங்கள் ஆஸ்கர் வென்றன. 1947-இன் ‘தி கேட் கன்செர்ட்டோ’ அவற்றில் ஒன்று. பூனை டாம் மேடையில் பியானோ வாசிக்கிறது, அதற்குள்ளே தூங்கிய எலி ஜெர்ரி எழுந்து தொல்லை கொடுக்கிறது. அடிதடி ஏறக்குறைய முழுவதும் இசையமைப்பாளர் லிஸ்ட்டின் இசையோடு ஒட்டியே போகிறது. சுத்தி விழும் இடமும் தாளம், விரல் நசுங்கும் இடமும் தாளம். வசனம் இல்லாமல் ஒரு கதையை எப்படிச் சொல்வது என்று கற்க விரும்புகிறவருக்கு ஏழு சொச்ச நிமிடத்தில் இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஆனால் அதே வரிசையில் கறுப்பின மக்களைக் கேலிப்பொருளாக்கும் காட்சிகளும் இருக்கின்றன. பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டும் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, அது ஏன் தவறு என்று சொல்லிக் கொடுப்பது அவசியம்.

தமிழில் பேசிய கார்ட்டூன்களின் பொற்காலம் சன் குழுமத்தின் சுட்டி டிவியோடு வந்தது. 2007 ஏப்ரலில் சென்னையிலிருந்து தொடங்கிய அந்த அலைவரிசையைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்று வேலைக்குப் போகிறார்கள்.

அதில் வந்த டோராவை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க மூலத்தில் அவள் ஆங்கிலம் பேசி ஸ்பானிய மொழி கற்றுத் தருவாள். தமிழில் அவள் தமிழ் பேசி ஆங்கிலம் கற்றுத் தந்தாள். கூட வரும் குரங்கு பூட்ஸ் இங்கே புஜ்ஜி ஆனது, ‘டோரா புஜ்ஜி’ என்று ஒரே மூச்சில் சொல்லும் பெயராக ஊரெங்கும் ஒட்டிக்கொண்டது. கேள்வி கேட்டுவிட்டுச் சில நொடி அவள் திரையை விட்டு வெளியே பார்த்துக் காத்திருப்பாள். அந்த இடைவெளியில் குழந்தை பதில் சொல்லியே தீரும். நான்கு வயதுக் குழந்தைக்கு இன்றைக்கும் இது சலிக்காது, பெரியவர்களுக்கு மட்டும்தான் சலிக்கும்.

‘ஜாக்கி சான் அட்வென்ச்சர்ஸ்’ வேறு ரகம். 2000 முதல் 2005 வரை அமெரிக்காவில் 95 பகுதிகள் வந்தன. சீன ராசி மிருகங்கள் பன்னிரண்டுக்கும் ஒவ்வொரு தாயத்து, அவற்றைத் தேடி ஜாக்கி என்ற தொல்பொருள் ஆய்வாளர், பழம்பொருள் கடை நடத்தும் சிடுசிடுப்பான பெரியவர், அடங்காத சிறுமி ஜேட். பெரியவர் திட்டிக்கொண்டே விரலால் ஜாக்கியின் நெற்றியில் போடும் போடு நம் வீட்டுத் தாத்தாக்களின் வழக்கம் போலவே இருந்ததால், தமிழ்க் குரல் அதில் கச்சிதமாகப் பொருந்தியது. சிரிப்புக்காக எழுதிய வசனங்கள் இன்றும் சிரிக்க வைக்கின்றன.

எனினும் ஒன்றை மட்டும் பரிந்துரைக்கச் சொன்னால் ‘ஹெய்டி’யைச் சொல்வேன். ஜோஹன்னா ஸ்பிரியின் நாவலை 1974-இல் ஜப்பானில் இசாவ் தகஹாட்டா 52 பகுதிகளாக இயக்கினார். காட்சி அமைப்பு ஹயாவோ மியாசாகியுடையது. குழுவினர் சுவிட்சர்லாந்துக்கே போய் மலையையும் வீடுகளையும் பார்த்துவிட்டு வந்து வரைந்தார்கள். முதல் பகுதியில் அடுக்கடுக்காக உடுத்திவிட்ட துணிகளோடு மலையேறும் ஹெய்டி, வியர்த்துப்போய் ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்துவிட்டு ஆடுகளோடு ஓடுகிறாள். வில்லன் இல்லை, சண்டை இல்லை. பாலாடைக்கட்டி உருகுவதையும் வைக்கோல் படுக்கை தயாராவதையும் பொறுமையாகக் காட்டும் அந்தத் தொடரின் வேகத்துக்குப் பழகிய குழந்தை வேறு எதையும் நிதானமாகப் பார்க்கும்.

வேற்றுமொழிக் கார்ட்டூன் தமிழாவது எளிய வேலை அல்ல. இசையும் ஓசைகளும் தனித் தடத்தில் வரும், பேச்சு மட்டும் புதிதாகப் பதிவாக வேண்டும். பாத்திரம் வாய் திறந்து மூடும் கால அளவுக்குள் வசனம் அடங்க வேண்டும், கூடவே தமிழ்ப் பேச்சாகவும் இருக்க வேண்டும். வாயசைவுக்குள் நிற்காத வினைமுற்றை முன்னே இழுத்து, எஞ்சிய நொடியை ஓர் ‘அடேயப்பா’வால் நிரப்புவார் வசனம் எழுதுபவர். ஹெட்ஃபோனில் மூலக் குரலைக் கேட்டபடி கலைஞர் ஒவ்வொரு துண்டாகப் பேசிப் பதிவு செய்வார். கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமத்து டப்பிங் தியேட்டர்களுக்குத் திரைப்படத்தில் கைவந்த இந்தத் தொழில்தான் கார்ட்டூன்களையும் நம்முடையவை ஆக்கியது.

சொந்தப் படைப்புகளின் கதை வேறு. சென்னையின் பென்டாமீடியா கிராஃபிக்ஸ் 2000-இல் தந்த ‘பாண்டவாஸ்: தி ஃபைவ் வாரியர்ஸ்’ ஆங்கிலப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. அதே நிறுவனத்தின் உழைப்பில் உருவான ‘சிந்துபாத்’ படம், நடிகர்களின் உடலசைவை முழுக்க மோஷன் கேப்சரில் பதிவு செய்து எடுத்த முதல் முழுநீளப் படங்களில் ஒன்று. தொழில்நுட்ப வரலாற்றில் இரண்டுக்கும் இடம் உண்டு. ஆனால் முகங்கள் விறைப்பாக இருக்கின்றன, இன்றைய குழந்தை பத்து நிமிடம் தாங்காது. 2007-இல் இளையராஜா இசையில் ‘இனிமே நாங்கதான்’ என்ற தமிழ் அனிமேஷன் படம் வந்தது. கையால் வரைந்த படங்களின் உயிர்ப்புக்கு நல்ல சான்று ஜப்பானியரான யூகோ சாகோவின் ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’. ராம் மோகனும் இணைந்து இயக்கிய அந்த 1992-ஆம் ஆண்டுப் படம், 2025 ஜனவரியில் தமிழ் பேசித் திரையரங்குகளுக்கு வந்தபோதும் பழசாகத் தோன்றவில்லை. 2013-இல் சென்னையில் தொடங்கிய சூசூ டிவியின் பாட்டுப் படங்களை இன்று உலகமே யூடியூபில் பார்க்கிறது.

தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில் இப்போது அனிமேஷனும் காட்சி விளைவுகளும் பட்டப்படிப்பாக இருக்கின்றன. அதே வட்டாரத்தில் பழைய தமிழ் இதழ்களையும், பாட்டுப் புத்தகங்களையும், இசைத்தட்டுகளையும் காத்துவரும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ஆனால் புஜ்ஜிக்கும் ஜேடுக்கும் ஹெய்டிக்கும் தமிழ்க் குரல் கொடுத்தவர்களின் பெயர்கள் அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. அந்தக் கலைஞர்களும் வசனம் எழுதியவர்களும் நம்மிடையே இருக்கும்போதே அவர்களிடம் பேசிப் பதிவு செய்யவும், தமிழ் ஒலித்தடங்களைத் திரட்டிப் பாதுகாக்கவும் தரமணியிலேயே ஒரு தொடக்கம் வேண்டும்.