வீடு கொடுத்தவளுக்கு ஒரு பிடி: கல்முனைக் கரையோரத்தில் பெண்களின் ஈகையும் முதுமையும்

தன் உம்மாவுக்கு மகள் ஸகாத் என்ற கட்டாயத் தருமத்தைக் கொடுக்க முடியாது. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, வறிய பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகள் மேல் விழுந்த கடமை, அதாவது நபகா. கடமையாகச் செய்ய வேண்டிய செலவை ஸகாத்தில் கழித்துக்கொள்ள மார்க்கம் இடம் தருவதில்லை. இந்தச் சிறு சட்டநுணுக்கம் ஒரு வரலாற்றையே மறைத்து வைத்திருக்கிறது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நீளும் கிழக்கிலங்கைக் கரையோர ஊர்களில் பெண்கள் முதியோருக்குக் கொடுத்ததில் பெரும்பங்கு எந்தப் பள்ளிவாசல் கணக்கிலும் ஏறாதது. தருமம் என்று பெயர் பெற்றது, மகள் இல்லாதவளின் வாசலுக்குப் போன சோறுதான். இரண்டையும் சேர்த்துப் படிக்காவிட்டால் இரண்டுமே விளங்காது என்பது என் துணிபு.

முதலில் வீடு. இப்பகுதி முஸ்லிம்களும் தமிழர்களும் தாய்வழிக் குடிமுறையைப் பகிர்ந்துகொள்பவர்கள். 1969 முதல் 1971 வரை அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் மகள் பேருக்கு எழுதப்படும். மூத்தவளுக்கு இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டு, பெற்றோர் அதே வளவில் இன்னொரு வீட்டைக் கட்டி இளையவர்களோடு அங்கே போவார்கள், அடுத்தவளுக்கும் அப்படியே. கடைசி மகளின் கலியாணத்தோடு அவர்களுக்கென்று ஒரு வீடு மிஞ்சாது. குசினியோடு ஒட்டிய அறையோ, பின்வளவில் ஒரு சிறு வீடோதான். ஒரே வேலிக்குள் அக்கா, தங்கை, நடுவில் உம்மும்மா, அதாவது தாயின் தாய். அடுப்பு மூன்றாக எரிந்தாலும், மூடிய கோப்பை ஒன்று மதியத்தில் அந்தப் பின்னறைக்குப் போகும்.

சட்டத்தின் கண்ணில் இது வேறு கதை. 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வழியுரிமைக் கட்டளைச் சட்டம் மார்க்க முறைப்படி மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று என்கிற விதியை ஏற்கிறது. ஆனால் இங்கே தாய் மவுத்தாகும்போது பிரிக்க வீடு இருப்பதில்லை. உயிரோடிருக்கும்போதே அன்பளிப்பாகப் போய்விட்டது. கொடை கீழே இறங்கியது, பராமரிப்பு மேலே ஏறியது. இதைப் பெண்ணுரிமையின் பொற்காலமாகப் பாடவும் நான் தயாரில்லை. உறுதி அவள் பேரில் இருந்தாலும், கட்டிய காசு வாப்பாவினதும் காக்காமாரினதும் முதுகில் இருந்து வந்தது. தங்கைக்கு வீடு கட்டி முடியும்வரை தன் கலியாணத்தைத் தள்ளிப்போட்ட ஆண்பிள்ளைகள் எந்தத் தெருவிலும் உண்டு.

அப்படியானால் மகளைப் பெறாதவள்? மகளை இழந்தவள்? இந்த இடத்திலிருந்துதான் தருமம் தொடங்குகிறது. மிகப் பழைய வடிவம் பிடியரிசி. சோற்றுக்கு அரிசி அளந்து சுளகில் போட்டபின், உலையில் இடுவதற்குமுன், அதிலிருந்து ஒரு பிடியை அள்ளி மூலையில் இருக்கும் மூடிச்சட்டிக்குள் போடுவது. சட்டி நிறைந்தால் அது மதரசாவுக்குப் போகலாம், பக்கத்து வளவில் தனித்திருக்கும் மூத்தம்மாவுக்கும் போகலாம். கணவரைக் கேட்க வேண்டியதில்லை. அளந்தபின் எடுத்த பிடி யார் கண்ணிலும் குறைவாகத் தெரியாது. குசினிக்குள் பெண்ணுக்கு இருந்த நிதியதிகாரம் என்றே இதைச் சொல்வேன்.

நோன்புப் பெருநாளுக்கு முன் கொடுக்கும் பித்ரா தருமமும் அரிசிதான், தலைக்கு ஏறத்தாழ 2.4 கிலோ. கந்தூரிச் சோறு, கத்தம் ஓதிய வீட்டுச் சாப்பாடு ஆகியவையும் இந்த வழியில் வந்தன. கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாகுல் ஹமீது நாயகத்தின் பேரில் கொடியேற்றிக் கந்தூரி கொடுப்பதில் நேர்ச்சையோடு வரும் பெண்கள் கூட்டம் பெரிது. பள்ளி நிர்வாகம் ஆண்களின் கையில்தான். ஆனாலும் பள்ளியை நிர்வகிக்கும் மரைக்காயர்மார் குடிக்கு ஒருவராக வந்தார்கள், குடியோ தாய் வழியாக வருவது. மகளற்ற முதியவளுக்கும் உரிமை கேட்க ஒரு குடி இருந்தது.

இங்கே ஓர் ஒப்பீடு உதவும். 1546இல் இஸ்தான்புல் நகரின் வக்புகளை, அதாவது மார்க்க அறக்கொடைகளை, பதிந்த ஏட்டில் மூன்றிலொரு பங்குக்கும் மேற்பட்டவை பெண்கள் நிறுவியவை. 1550களில் ஹுர்ரம் சுல்தான் ஜெருசலத்தில் நிறுவிய அன்னசாலை நூற்றாண்டுகள் தாண்டி வறியோருக்குச் சோறிட்டது. கல்முனைப் பக்கத்தில் பெண் பேரில் நிலம் இருந்தும் அத்தகைய வக்புகளின் மரபு ஏன் ஓங்கவில்லை? ஈகையின்மை காரணமல்ல என்று நினைக்கிறேன். வீடு மகளுக்கென்று முன்பே பேசப்பட்டுவிட்டது. பள்ளிக்கு எழுத மிச்சம் இருந்தது வயலில் ஒரு துண்டு அல்லது தென்னை சில. 1956ஆம் ஆண்டு 51ஆம் இலக்க வக்புச் சட்டம் பள்ளிவாசல்களையும் தருமச் சொத்துகளையும் பதிவுக்குக் கொண்டுவந்தது. பிடியரிசிச் சட்டியை எந்தச் சட்டம் பதியும்?

அரிசியின் காலத்தை மாற்றியவை இரண்டு. ஒன்று யுத்தம். 1990க்குப் பிறகு மேற்கே உள்ள வயல்களுக்குப் பல முஸ்லிம்கள் போக முடியாமல் போயிற்று. வயல் போனால் நெல் அடிக்கும் களவெட்டியில் ஸகாத் நெல்லும் போயிற்று. மற்றொன்று வளைகுடா. 1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின், 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைந்த காலத்தில், சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டுப் பணிப்பெண்களாகப் போனவர்கள் பெருகினர். மகள் அங்கிருந்து காசு அனுப்ப, அவள் பிள்ளைகளை இங்கே உம்மும்மா வளர்த்தாள். பராமரிக்கப்பட வேண்டிய வயதில் அவளே பராமரிப்பவளானாள். மருதமுனையில் தறியில் நின்ற பெண்களின் கைக்கும் காசு வந்தது. பிடியாக இருந்த ஸதகா என்ற விருப்பத் தருமம் நோட்டாக மாறியது. நோட்டு, ஊரின் ஸகாத்தைத் திரட்டும் பைத்துஸ் ஸகாத் நிதியத்துக்குப் போகும்போது, கொடுத்தவளுக்கும் வாங்கியவளுக்கும் இடையில் ஒரு குழுவும் ஒரு பட்டியலும் வந்து உட்கார்ந்தன.

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் கடல் அந்த வளவுகளையே எடுத்துக்கொண்டது. நாட்டில் மிக அதிக உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டம். கிழக்கில் கரையிலிருந்து 200 மீட்டருக்குள் மீளக் கட்டக்கூடாது என்று முதலில் சொல்லப்பட்டது. புது வீடுகள் ‘குடும்பத் தலைவர்’ பேருக்கு வழங்கப்பட்டபோது, காலாகாலமாகப் பெண் பேரில் இருந்த சொத்து பல இடங்களில் ஆண் பேருக்கு மாறியது. கிழக்கின் பெண்கள் அமைப்புகள் அப்போதே இதை எதிர்த்தன. மக்கள் புது வீட்டை மகளின் சீதனமாகவே கனவு கண்டார்கள் என்று மெக்கில்வ்ரேயும் பட்ரிசியா லோரன்ஸும் எழுதினர். அக்கா தங்கைகள் வெவ்வேறு குடியேற்றத் திட்டங்களுக்குச் சிதறியபின், மூடிய கோப்பைக்கு நடக்கும் தூரம் கிலோமீட்டராயிற்று.

அரசும் வந்தது. வறிய முதியோருக்கான மாதாந்த உதவிக்கு ஊரார் வைத்த பெயர் பிச்சைச் சம்பளம். வாங்கும் கூச்சம் பெயரிலேயே இருக்கிறது. 2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரச் சபை ஒன்றை அமைத்தது. அந்தச் சட்டம் மகன் மகள் என்று பிரிப்பதில்லை. ஆனால் இந்தக் கரையோரத்தில் மகன் மனைவி வீட்டில் இருப்பவன். உம்மாவை எங்கே கூட்டிப்போவான்? 2012இல் 70 வயதைக் கடந்த வறியவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் தொடங்கியது. 2023இல் வந்த அஸ்வெசும திட்டம் குடும்பங்களைத் தெரிவு செய்ய வீட்டின் நிலை, சொத்து போன்ற அளவுகோல்களை வைக்கிறது.

ஓடு போட்ட கல்வீட்டின் பின்னறையில் பாய் விரித்திருக்கும் ஒரு பெண்ணை அந்த அளவுகோலில் எப்படி எழுதுவது? வீடு அவள் கட்டியது, கொடுத்தது. படிவத்தில் அது அவள் குடும்பத்தின் வசதி.