உறங்காத ஏவலாள்

ஏவலாளுக்கு எது அழகு? எஜமான் உறங்கினாலும் தான் உறங்காமை என்பேன் நான். 1996-ஆம் ஆண்டில் ஹெர்வோயே நிக்‌ஷிச் என்னும் குரோவேஷியர் அப்படியொரு கணினி நிரலை வெளியிட்டார். ‘கெட்யூஆர்எல்’ என்று பிறந்தது. அவ்வாண்டிலேயே ‘டபிள்யூகெட்’ ஆயிற்று. தொலைபேசிக் கம்பியில் இணையம் ஊர்ந்துவந்த காலம் அது. ஒரு வரியில் கட்டளையிட்டு எழுந்து போய்விடலாம், இணைப்பு அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து கோப்பைக் கொண்டுவரும், எதிர்க்கேள்வி கேட்காது.

2010-இல் அமெரிக்கப் படைவீரர் செல்ஸீ மேனிங் 2,50,000-க்கு மேற்பட்ட ராஜதந்திரத் தந்திகளை இறக்கியதும் இதைக்கொண்டே. 2013-இல் கிடைத்தது 35 ஆண்டுச் சிறை. தண்டனை குறைக்கப்பட்டு 2017-இல் விடுதலை.

தியாகமா, துரோகமா என்று உலகம் வாதாடியது. நிரல் அதைக் கேட்கவில்லை. கேளாத ஏவலாள் வாய்த்தவர், அந்தக் கேள்வியைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும் அல்லவா?