எடைத்தட்டிலிருந்து 70 புள்ளிக்கு: பொற்காசின் தரம் பார்த்த வரலாறு

'நோட்டம் பார்ப்பது' என்று இன்று எதற்கெல்லாமோ சொல்கிறோம். காசைச் சோதித்து நல்லது கெட்டது சொல்வதற்கும் அதே சொல்தான்; அந்தத் தொழில் செய்தவர் நோட்டக்காரர். சங்க காலத்தில் அவர் வண்ணக்கன். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்ற புலவரின் பெயரில் அத்தொழில் இன்னும் இருக்கிறது. நோட்டக்காரருக்கு வேண்டியவை மாற்றும் எடையும். இன்று ஏலத்தில் பழம்பொற்காசு எடுப்பவருக்கோ அவ்விரண்டும் முன்பே தெரியும். அவர் ஆராய்வது காசின் மேற்பரப்பை. பொற்காசின் தரமதிப்பீடு வளர்ந்தது இந்தப் பார்வை மாற்றத்தால்தான் என்பது என் முடிவு.

நம் நகைக்கடைச் 'சவரன்' பிரிட்டனின் சாவரின் காசிலிருந்து வந்த சொல். 1870-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி அதன் எடை 123.274 கிரெயின், அதாவது 7.988 கிராம். 122.5 கிரெயினுக்குக் கீழே இறங்கினால் காசு செல்லாது. இடைவெளி சுமார் 0.05 கிராம், குன்றிமணி எடையில் பாதிகூட இல்லை. பொருளியலறிஞர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1868-இல் கணக்கிட்டுப் பார்த்ததில், சுமார் 18 ஆண்டுகள் கைமாறினாலே ஒரு சாவரின் எடை குன்றிவிடும் என்று தெரிந்தது. அக்காலத்தில் தேய்மானம் என்றால் பொன்னிழப்பு. அதை அளக்கத் தராசு போதும்.

சேகரிப்பாளருக்குத் தராசு உதவாது. 'நன்று', 'மிக நன்று', 'புழங்காதது' என்ற சொற்களை வைத்தே வெகுகாலம் வணிகம் நடந்தது. விற்பவரின் 'புழங்காதது' வாங்குபவர் கண்ணுக்குப் புழங்கியதாகப் படும். இந்தச் சச்சரவுக்கு எண் வந்தது பொன்னிலிருந்து அல்ல, செம்பிலிருந்து. 1949-இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஷெல்டன், தம் நாட்டின் பழைய பெரிய சென்ட் காசுகளைப் பற்றிய நூலில் 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். இன்ன காசு என்று மட்டும் தெரியுமளவு தேய்ந்தது 1. குறையே இல்லாதது 70. ஏன் 100 இல்லாமல் 70? 1-ஆம் தரக் காசு 1 டாலர் பெறுமானால் மிகச் சிறந்தது 70 டாலர் பெறும் என்பது அவர் கண்ட சந்தைக் கணக்கு. அந்த விலை விகிதம் விரைவில் பொய்த்தது, எண்கள் நிலைத்துவிட்டன. 1977-இல் அமெரிக்க நாணயவியல் சங்கம் அதே அளவுகோலைப் பொற்காசு உட்பட எல்லா அமெரிக்கக் காசுகளுக்கும் விரித்தது. அமெரிக்காவில் தனியார் பொன் வைத்திருக்க 1933-இல் வந்த தடை 1974 டிசம்பர் 31-இல்தான் நீங்கியிருந்தது. அரிய காசுகளுக்குத் தடைக்காலத்திலும் விலக்கு இருந்தது. வெறும் பொன் வேறு, அரிய காசு வேறு என்று அந்த விலக்கின் மூலம் சட்டமே பிரித்துக் காட்டியது.

செம்பின் அளவுகோல் பொன்னுக்கு முழுதும் பொருந்தியதா? 20 டாலர் 'டபுள் ஈகிள்' காசை எடுத்துக்கொள்வோம். எடை 33.436 கிராம், பத்தில் ஒன்பது பங்கு பொன். 250 காசுகள் கொண்ட 5,000 டாலர் பை 8 கிலோவுக்கு மேல் கனக்கும். பையைத் தூக்கிப் போடும்போதெல்லாம் காசுகள் ஒன்றையொன்று குத்தும். ஒரு கடையையும் பார்க்காத புதுக்காசின் கன்னத்திலும் வடு விழும். ஆகவே புழங்காத காசுகளுக்குள்ளேயே தரம் பிரிக்க வேண்டியதாயிற்று. முதலில் 60, 65, 70 என மூன்றே படிகள். 1980-களில் 60 முதல் 70 வரை 11 எண்களும் வழக்கிற்கு வந்தன.

சிற்பி செயின்ட்-காடன்ஸ் வடிவமைத்து 1907-இல் வெளிவந்த டபுள் ஈகிளில் சுதந்திர தேவி நடந்து வருகிறாள். தேர்ந்த கண் முதலில் போவது அவள் முழங்காலுக்கு. விளிம்பைப் பிடித்து, ஒற்றை விளக்கின் கீழே காசைச் சாய்த்துத் திருப்பினால் ஒளி சக்கரம்போலச் சுழலும். முழங்கால் தட்டையாக இருந்தும் ஒளி அதன்மேல் அறாமல் ஓடினால் அது அச்சு சரியாகப் பதியாத குறை. ஒளி அங்கே அணைந்து நிறமும் மங்கினால் கை பட்ட தேய்மானம். அந்தக் காசு 58-ஐத் தாண்டாது. பெலா லயன் பிராட் 1908-இல் வடித்த இரண்டரை டாலர், 5 டாலர் காசுகளில் இந்த விதி தலைகீழ். உருவம் உள்ளே பள்ளமாகவும் வெறுந்தளம் மேலாகவும் இருப்பதால் தேய்வது தளம்தான்.

1986-இல் பிசிஜிஎஸ், மறு ஆண்டில் என்ஜிசி என்று தனியார் நிறுவனங்கள் காசுக்கு எண் கொடுத்து, பிளாஸ்டிக் உறையில் முத்திரையிட்டுத் தரத் தொடங்கின. காசை நேரில் பார்க்காமலே வாங்க வழி பிறந்தது. ஆனாலும் உறையை உடைத்து மீண்டும் அனுப்பினால் அதே காசுக்கு வேறு எண் வருவதுண்டு. எண் எத்தனை துல்லியமாகத் தோன்றினாலும் அதன் பின்னால் இருப்பது மனிதக் கண்.

1857-இல் 'சென்ட்ரல் அமெரிக்கா' என்ற கப்பலோடு சான் பிரான்சிஸ்கோவில் அச்சான புது டபுள் ஈகிள்கள் ஆயிரக்கணக்கில் மூழ்கின. 1980-களின் இறுதியில் மீட்டபோது பல காசுகளின் மேல் துருவும் படிவும் ஏறியிருந்தன. கரைசலில் ஊறவைத்து அவற்றை நீக்கியதும் அச்சடித்த நாளின் மெருகு அடியில் அப்படியே இருந்தது; உயர்ந்த எண்களும் கிடைத்தன. மேலே படிந்ததை மட்டும் கரைத்தால் மதிப்பீட்டாளர்கள் ஏற்கிறார்கள். தேய்த்து உலோகத்தைத் தொட்டிருந்தால் எண்ணையே மறுக்கிறார்கள். நம் பூஜையறைகளில் பாட்டி காலத்துச் சவரனைப் புளி போட்டுத் துலக்கும்போது அந்த மெருகுதான் போகிறது. எடை குறைந்ததாகத் தராசில் தெரியவே தெரியாது.