"ஹார்மோன்தான், சரியாயிடும்"

இன்னைக்கு எபிசோடு ஒரே ஒரு வார்த்தையைப் பற்றி: ஹார்மோன்.

என் அக்காவுக்குக் குழந்தை பிறந்து மூணாவது வாரம். குழந்தை தூங்கினாலும் அவ தூங்க மாட்டா. சுவரையே பார்த்து அழுவா. "ஹார்மோன்தான், தானா சரியாயிடும்"னு வீட்டுல எல்லாரும் சொன்னாங்க. நானும் சொன்னேன். அப்புறம்தான் அந்த ஹார்மோனோட வரலாற்றைத் தேடிப் படிச்சேன்.

கதை 1941-ல தொடங்குது. மான்ட்ரியல்ல ஹான்ஸ் செல்யே எலிகளுக்கு புரோஜெஸ்டிரோன் ஊசி போட்டார். அது கர்ப்பத்தைத் தாங்குற ஹார்மோன். ஆனா எலிகள் மயங்கிடுச்சு! கர்ப்பப்பைக்கான ஹார்மோனுக்கு மூளையில என்ன வேலை?

40 வருஷம் கழிச்சு ஒரு பெரிய துப்பு கிடைச்சது. 1981-ல பிரான்ஸில் எத்தியேன்-எமீல் போலியூவின் குழு, ஸ்டீராய்டு ஹார்மோன்களைச் சுரக்கும் சுரப்பிகளை எலிகளிலிருந்து அகற்றிப் பார்த்தது. அப்பவும் டிஹெச்இஏ சல்ஃபேட் என்ற ஸ்டீராய்டு மூளையில் அப்படியே இருந்தது. அப்போ மூளையே அதைத் தயாரிக்குதா? இந்த வகைக்கு போலியூ வச்ச பேர் 'நியூரோஸ்டீராய்டு'.

இவை நியூரானை ரெண்டு விதமா மாற்றும். முதலாவது, செயல்பாடு. புரோஜெஸ்டிரோனிலிருந்து உடல் உருவாக்கும் அலோபிரெக்னனோலோன், காபா-ஏ ஏற்பியில் வேலை செய்யுதுன்னு 1986-ல அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினாங்க. காபா வந்தா அந்தக் கதவு திறக்கும், குளோரைடு உள்ளே போகும், நியூரான் அமைதியாகும். அலோபிரெக்னனோலோன் கூட இருந்தா அந்த அமைதி இன்னும் நீடிக்கும். செல்யேயின் எலிகள் மயங்கியதுக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ரெண்டாவது, அமைப்பு. நியூரானோட வடிவத்தைத் தாங்குறது மைக்ரோடியூப்யூல் என்ற நுண்குழாய்கள். கட்டடத்துக்குச் சாரம் மாதிரி. அதைக் கட்ட உதவும் மேப்-2 புரதத்தோட பிரெக்னெனோலோன் இணையும்னு போலியூ குழு கண்டுபிடிச்சது. உடல் அதை வேற ஹார்மோனாக மாற்றிடாதபடி லேசாத் திருத்தி, மேப்-4343 என்ற மருந்தை உருவாக்கினாங்க. முதுகுத்தண்டில் அடிபட்ட எலிகள் அதனால இன்னும் நல்லா நடந்தன.

ஆனா எலி வேற, மனுஷன் வேற. தலையில் அடிபட்டவங்களுக்கு புரோஜெஸ்டிரோன் நரம்புகளைக் காப்பாற்றும்னு எலி ஆய்வுகள் நம்பிக்கை கொடுத்தன. 2,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளோட நடந்த ரெண்டு பெரிய சோதனைகளின் முடிவு 2014-ல வந்தது: பலன் இல்லை.

வெற்றி வேற இடத்துல கிடைச்சது. கர்ப்பத்தில் உயரும் அலோபிரெக்னனோலோன், பிரசவத்துக்குப் பிறகு வேகமாச் சரியும். அதையே 60 மணி நேரம் ட்ரிப்ஸ்ல ஏற்றும் பிரெக்சனோலோன், 2019 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கென்றே அங்கே அனுமதி கிடைச்ச முதல் மருந்து அது. 2023-ல 14 நாள் சாப்பிடும் ஜுரானோலோன் மாத்திரையும் வந்தது. எல்லாருக்கும் கேட்கும்னு இல்லை, தூக்கக் கலக்கமும் வரும்.

அக்காவை நாங்க தாமதமாத்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். கவுன்சலிங்கும் வழக்கமான மாத்திரையும் உதவுச்சு. இப்போ நல்லா இருக்கா.

அவளுக்கு நாங்க சொன்ன காரணம் முழுசாத் தப்பில்லை. "தானா சரியாயிடும்"னு சொன்னதுதான் தப்பு. உங்க வீட்டுல யாராவது அப்படிச் சுவரைப் பார்த்துட்டு இருந்தா, காத்திருக்காதீங்க, டாக்டரைப் பாருங்க.