தாத்தாவுக்குக் கூடாத உருளைக்கிழங்கு

போன மாசம் தாத்தா திவசத்துக்காகக் கும்பகோணம் போயிருந்தேன். ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி, ரெண்டு நாள் லீவு கிடைச்சது. காலைல ஆறு மணிக்கே அப்பா எழுப்பி, ஒரு மஞ்சப்பையும் துண்டுச்சீட்டும் கையில கொடுத்து மார்க்கெட்டுக்கு அனுப்பிட்டார்.

சீட்டுல வாழைக்காய், அவரைக்காய், புடலங்காய், பாகற்காய், கொத்தவரங்காய், சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளி, பிரண்டை, இஞ்சி. கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே: "தக்காளி, மிளகாய், உருளை, கோஸ், காரட், பீன்ஸ் கூடாது." எனக்கு மார்க்கெட் அனுபவம் எவ்வளவுன்னு அப்பாவுக்குத் தெரியும், அதான் கூடாததையும் எழுதிக் கொடுத்திருக்கார் :)

மார்க்கெட்ல நிக்கும்போதுதான் இடிச்சது. தாத்தாவுக்கு உருளைக்கிழங்கு காரக்கறின்னா உசுரு. அன்னிக்கு மட்டும் ரெண்டு பிடி சாதம் கூட இறங்கும். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு வருஷத்துல ஒரு நாள் இலை போடறோம், அதுல அவருக்குப் பிடிச்ச ஒரே காய்க்கு இடம் இல்லை. வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட கேட்டா "சாஸ்திரம்டா"ன்னு ஒரே வார்த்தை. அம்மாதான் அடுப்படியில இருந்து பதில் சொன்னாங்க: "அதெல்லாம் இங்கிலீஷ் காய்டா, நம்ம காய் இல்லை."

அந்த ஒரு வரி என்னை ஒரு வாரம் தூங்க விடலை. அதோட விளைவுதான் இந்தப் பதிவு.

நம்ம பொட்டி தட்டற பாஷையில சொன்னா, திவசச் சமையல் ஒரு கோட் ஃப்ரீஸ். தினசரிச் சமையல் புதுசு புதுசா அப்டேட் ஆகிட்டே இருக்கும். இது மட்டும் ஏதோ ஒரு பழைய வெர்ஷன்ல அப்படியே நின்னு போச்சு. எந்த வெர்ஷன்னு பாத்தா ஆச்சரியமா இருக்கு. மிளகாய், தக்காளி, உருளை, பீன்ஸ் நாலுமே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1492-ல கொலம்பஸ் அந்தப் பக்கம் போய் இறங்கறதுக்கு முன்னாடி இந்தியாவுல ஒருத்தர் நாக்குலயும் மிளகாய் பட்டதில்லை. 1498-ல வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். அவருக்குப் பின்னாடி வந்த போர்ச்சுக்கீசியக் கப்பல்கள்லதான் மிளகாய் நம்ம கரைக்கு வந்து சேர்ந்தது. ராஜராஜ சோழன் சாப்பிட்ட குழம்புல மிளகாயும் இல்லை, தக்காளியும் இல்லை. காரத்துக்கு மிளகு, புளிப்புக்குப் புளி. தாத்தா திவசத்துல அம்மா வெச்ச ரசமும் அச்சு அசல் அதேதான்!

இதுல ஒரு காமெடி இருக்கு. கொலம்பஸ் தேடிக் கிளம்பினதே நம்ம ஊர் மிளகைத்தான். அவருக்குக் கிடைச்சது மிளகாய். அவரும் அதுக்கு மிளகோட பேரையே ஒட்டிவிட்டார். இங்கே நம்ம ஆளுங்களும் மிளகு மாதிரி உறைக்கிற காய், அதனால மிளகாய்னு வெச்சுட்டாங்க. உலகத்தோட ரெண்டு மூலையிலயும் ஒரே மாதிரி யோசிச்சிருக்காங்க. சங்க காலத்துல மிளகுக்கே 'கறி'ன்னுதான் பேர். யவனர் கப்பல் பொன்னோட முசிறிக்கு வந்து ஏத்திட்டுப் போனது இந்தக் கறியைத்தான். அப்புறம் அந்தச் சொல் மெல்ல நகர்ந்து, இன்னிக்கு வாழைக்காய்க் கறி, உருளைக்கிழங்கு கறின்னு காய்மேல வந்து உக்காந்துடுச்சு.

மிளகாய் ஏன் இவ்வளவு வேகமா ஜெயிச்சதுன்னு யோசிச்சா, விஷயம் ருசி மட்டும் இல்லை. மிளகுக்கொடிக்கு மேற்கு மலைச்சரிவோட மழையும் நிழலும் வேணும். மிளகாய்க்கு அந்தப் பிகு எல்லாம் கிடையாது, காஞ்ச நிலத்துலயும் சில மாசத்துல காய்ச்சுடும். இராமநாதபுரம் வறண்ட பூமின்னு சொல்றோம், அங்கே விளையற முண்டு மிளகாய்க்கு 2023-ல புவிசார் குறியீடு கொடுத்திருக்காங்க. கப்பல் ஏறி ஏற்றுமதியாகற மிளகை ஏழை வீட்டுல அள்ளிப் போட முடியுமா? கொல்லைப்புறத்துலயே காய்க்கிற மிளகாயைப் போடலாம். கஞ்சிக்குக் கடிச்சுக்க ஒண்ணு போதும். பச்சை மிளகாய்ல வைட்டமின் சி வேற நிறைய.

பேர்களைத் துருவ ஆரம்பிச்சா நேரம் போறதே தெரியலை. பரங்கின்னா போர்ச்சுக்கீசியன், வெள்ளைக்காரன். சென்னையில பரங்கிமலை இருக்கில்ல, அதே பரங்கி. பரங்கிக்காயும் அப்படி வந்ததுதான், பூர்வீகம் அமெரிக்கா. சௌசௌவுக்கு சீமைக்கத்தரிக்காய்னு ஒரு பேர், அதோட சொந்த ஊர் மெக்சிகோ பக்கம். விழுப்புரம், கடலூர்ப் பக்கம் வேர்க்கடலையை மணிலாக்கொட்டைம்பாங்க. அது எந்தத் துறைமுகத்தைக் காட்டுதுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. கத்தரிக்காய் கதை நேர் எதிர். அது சுத்தமான நம்ம மண்ணு. ஆனா அதோட வடமொழிப் பேர் பாரசீகம், அரபுன்னு ஊர் ஊராப் போய், போர்ச்சுக்கீசிய வாயில நுழைஞ்சு, கடைசியில 'பிரிஞ்சால்'னு ஃபாரின் ரிடர்னா திரும்பி வந்தது. நாமளும் பெருமையா மெனு கார்டுல போட்டுக்கறோம்.

இங்கேதான் அம்மாவோட வாதம் ஆட்டம் காணுது. பொங்கல் அன்னிக்குச் சூரியனுக்கே படைக்கிற கூட்டுல பரங்கி இருக்கு. அப்பா சீட்டுல மேல்பக்கம் சர்க்கரைவள்ளி இருந்ததே, கவனிச்சீங்களா? அதுவும் தென் அமெரிக்காதான். உருளைக்குப் பக்கத்து வீடு! ஆனா அது கிரீன் கார்டு வாங்கி உள்ளே வந்துடுச்சு, உருளை மட்டும் இன்னும் விசா க்யூவுல நிக்குது. அப்புறம் வெங்காயம், பூண்டு. ரெண்டும் நமக்கு ஆயிரக்கணக்கான வருஷப் பழக்கம், அதுக்கும் அன்னிக்குத் தடை. ஆகப் பட்டியல் முழுக்க ஊர் பார்த்துப் போட்டதில்லை. என் கணிப்பு என்னன்னா, முன்னாடியே வந்து நம்மப் பேரோ கிழங்கு ஜாடையோ கிடைச்சதெல்லாம் சத்தமில்லாம உள்ளே நுழைஞ்சுடுச்சு. வெள்ளைக்காரன் சாப்பிடறதைக் கண்ணால பாத்துட்டு வாங்கினது எல்லாம் வெளியே நின்னுடுச்சு.

அப்படிப் பார்த்து வாங்கினதுக்கு ஊட்டிதான் வாசல். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல நீலகிரி ஏறினார். அந்தக் குளிரைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்திருக்கும் போல. அடுத்த சில வருஷத்துல வீடு கட்டி, ஏரி வெட்டி, உருளை முதலான ஐரோப்பியக் காய்களைப் பயிர் பண்ண வெச்சுட்டார். நாம டூர் போய் போட்டோ எடுத்துக்கற ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் கூட ஆரம்பத்துல காய்கறித் தோட்டம்தான். அங்கே இருந்த வெள்ளைக்காரங்க மாசச் சந்தா கட்டி காரட்டும் கோஸும் வாங்கினாங்க. 1848-ல மெக்ஐவர்னு ஒரு தோட்டக்கலைக்காரர் வந்தப்புறம்தான் அது பூங்காவா மாறுது. மலையில படுகர் நிலங்கள்ல விளைஞ்ச உருளை மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, அங்கேருந்து தமிழ்நாடு பூரா போச்சு. இப்பவும் கடைக்காரர் கேக்கற முதல் கேள்வி "ஊட்டியா, ஆக்ராவா?" 'இங்கிலீஷ் காய்'ங்கற பேரே பாதிப் பொய். பீன்ஸும் உருளையும் அமெரிக்கா, காரட்டோட மூலம் பாரசீகம் ஆப்கானிஸ்தான் பக்கம். இங்கிலீஷ்காரன் கடைசியாக் குடியிருந்த வாடகை வீட்டுக்காரன், அவ்வளவுதான்.

இவ்வளவு ஆராய்ச்சிக்குச் சொந்தக் காரணமும் ஒண்ணு இருக்கு. ஆபீஸ் மெடிக்கல் செக்கப்ல எனக்கு வெறும் வயித்துச் சர்க்கரை 112, டிரைகிளிசரைடு 260. வயசு இருபத்தெட்டு. டயட்டீஷியன் கொடுத்த சீட்டைப் பார்த்தா அவரை, புடலை, பாகல், கொத்தவரை, கீரைன்னு இருக்கு. கிட்டத்தட்ட அப்பாவோட திவசச் சீட்டு! ஆகா, முன்னோர்கள் முட்டாள்கள் இல்லைன்னு ஃபார்வர்டு அனுப்பற கோஷ்டியில நானும் சேரப் பாத்தேன்.

அதுக்கு முன்னாடி தங்கமணியோட கேக் தராசை எடுத்து ஒரு வேலை பண்ணினேன். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குக் காயும் பழமுமா குறைஞ்சது 400 கிராம்னு சொல்லுது, மாவுச்சத்துக் கிழங்குகள் அந்தக் கணக்குல வராது. கேன்டீன் பொரியலை டப்பாவுல போட்டு எடுத்துட்டு வந்து நிறுத்தேன். 45 கிராம். ஒரு கரண்டி. அதையே தாத்தா இலைக்குப் போட்டுப் பார்த்தா, சேப்பங்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் கணக்குல இருந்து போயிடும். மிச்சம் இருக்கறதுலயும் ஒவ்வொண்ணும் ஒரு கரண்டி. அதுவும் வருஷத்துல ஒரு நாள்.

தினமும் என்ன சாப்பிட்டாங்கன்னு தெரிஞ்சவங்க வீட்டுல ஒருத்தங்கதான். பாட்டிகிட்ட ஃபோன் போட்டுக் கேட்டேன். சிரிச்சாங்க.

"தினம் நாலு காயா? ஒரு குழம்பு, ஒரு கறி. பதினொரு பேர் சாப்பிடணும். ஆம்பிளைகள் சாப்பிட்டு, குழந்தைகள் சாப்பிட்டு, கடைசியா உக்காரவளுக்குக் காய் எங்கேருந்துடா வரும்? மோருஞ்சாதம், ஊறுகாய்."

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரலை. பாட்டியே தொடர்ந்தாங்க. "உருளை பண்ற அன்னிக்கு மட்டும் உங்க தாத்தா வாணலியைக் கொண்டு வான்னு கேப்பார். தனக்குப் போட்டுண்டு, மிச்சத்தை ஒரு கிண்ணத்துல எடுத்து மூடி வெச்சுட்டு, இது உனக்கு, யாருக்கும் போடாதேம்பார். அவருக்கு உருளை பிடிக்கும்னு எல்லாரும் சொல்றேள். எனக்குன்னா பிடிக்கும்."

திவசத்துக்கு மறுநாள் காலைல என் கையில பத்து ரூபாய் நோட்டு நாலைத் திணிச்சு அரைக்கிலோ உருளை வாங்கிட்டு வரச் சொன்னாங்களே, அப்ப எனக்கு இது எதுவும் தெரியாது. "ஊட்டியா, ஆக்ராவா?"ன்னு கடைக்காரர் கேட்டதுக்கு ஊட்டின்னேன். மிளகாய்ப்பொடி தூக்கலாப் போட்டு, முறுகலா, பாட்டியே உக்காந்து பண்ணினாங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி கொல்லையில காக்காவுக்குச் சாதம் வெக்கறது வழக்கம். அன்னிக்கு அந்தச் சாத உருண்டை மேல ரெண்டு துண்டு உருளைக்கிழங்கு இருந்தது. அப்பா கிணத்தடியில இருந்து அதைப் பார்த்தார். ஒண்ணும் சொல்லாம உள்ளே வந்து இலை போட்டார்.