இருதயமும் ஆனந்தமும்

எங்கள் செய்யாற்றில் என்னிடம் முன்பு படித்த நெசவாளர் ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்தார். பட்டுத் தறியில் முப்பது ஆண்டுகள் அமர்ந்தவர். இரத்தக் கொதிப்புக்கு நாள்தோறும் மாத்திரை உண்பவர். “ஐயா, கஞ்சா சேர்ந்த லேகியம் கொதிப்பைத் தணிக்கும் என்கிறார்கள். மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?” என்று கேட்டார். “டாக்டரைக் கேளாமல் நிறுத்தாதேப்பா” என்று உடனே சொல்லிவிட்டேன். ஆயினும் காரணம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் மருத்துவன் அல்லன், சரித்திரம் கற்பித்தவன். ஆகவே சரித்திரத்தின் வழியே தேடினேன்.

கஞ்சாவை நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிவர். அதனை மேனாட்டு மருத்துவத்தினுள் புகுத்தியவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஒஷானசி. 1839இல் அவர் அதனை முதலில் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பின்னரே நோயாளிகளுக்கு அளித்தார். அந்த எச்சரிக்கை எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அது உடலில் எங்கே சென்று பற்றுகிறது என்பது நெடுநாள் மறைபொருளாகவே இருந்தது. 1964இல் இஸ்ரேல் நாட்டு மெக்கூலமும் காவோனியும் மயக்கம் தரும் பொருளின் வடிவத்தைக் கண்டனர். 1988இல் அமெரிக்காவில் ஹௌலட் அம்மையாரும் அவர் மாணவர் டெவேனும் அப்பொருள் பற்றும் ஏற்பியை மூளையில் கண்டனர்.

பூட்டு ஒன்று உண்டென்றால், உடலுக்கே உரிய திறவுகோலும் இருத்தல் வேண்டுமன்றோ? 1992இல் அதுவும் அகப்பட்டது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ஆனந்தமைடு. நம் ‘ஆனந்தம்’ என்னும் வடசொல்லே அதன் முதற்பாதி.

இனி இருதயத்திற்கு வருவோம். பிறவியிலேயே இரத்த அழுத்தம் மிகுந்த ஒருவகை எலிகளை ஜப்பானியர் 1963இல் வளர்த்தெடுத்திருந்தனர். அவ்வெலிகளிடம் அமெரிக்க ஆராய்ச்சியாளர் செய்த சோதனை 2004இல் வெளியாயிற்று. ஏற்பியை மருந்தால் அடைத்தவுடன் அழுத்தம் மேலும் ஏறிற்று. இருதயம் இன்னும் வலிந்து சுருங்கிற்று. மாறாக, ஆனந்தமைடு சிதையாமல் காத்தபோது இரண்டும் தணிந்தன. அடக்கிவைக்கும் கடிவாளம் ஒன்று உடலுக்குள்ளேயே இருந்தது. கொதிப்பு மிகுந்தபோது அது இறுகப் பிடித்திருந்தது. அடைப்பு மருந்து அக்கடிவாளத்தை அறுத்துவிட்டது.

அப்படியாயின் கஞ்சா நல்லதுதானே என்பீர்கள். நானும் அவ்வாறே எண்ணினேன். ஆனால் மனிதன் கஞ்சாவைப் புகைத்தால் இருதயம் விரைந்து துடிக்கிறது. 2001இல் அமெரிக்காவில், ரிமோனபண்ட் என்னும் அடைப்பு மருந்தை முன்னரே உண்டவர்களிடம் அந்த விரைவு குறைந்தது. எலியில் ஏற்றியது மனிதனில் தணிக்கவும் செய்கிறது! எலிக்கும் நெசவாளருக்கும் ஒரே விடை கூறலாகாது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அதே ரிமோனபண்ட் 2006இல் ஐரோப்பாவில் உடற்பருமனைக் குறைக்க விற்பனைக்கு வந்தது. எடை குறைந்தது, அதனோடு அழுத்தமும் சிறிது இறங்கிற்று. ஆனால் உண்டவர் சிலருக்கு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் தோன்றின. ஆனந்தத்தின் வாயிலை அடைத்தால் வேறென்ன நேரும்? 2008இல் ஐரோப்பாவில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. 2009 டிசம்பரில் நம் அரசும் தடை விதித்தது.

இவற்றையெல்லாம் நெசவாளரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு மடியிலிருந்து லேகியப் புட்டியை எடுத்து, “இதையும் டாக்டரிடம் காட்டட்டுமா, ஐயா?” என்றார். காட்டச் சொன்னேன். மாத்திரையை அன்றிரவும் உண்டதாக மறுநாள் அவர் மகன் வந்து தெரிவித்தான்.