நெல்லைச் சீமையும் சிறுவர் இசைப்பாடமும்

நெல்லையப்பர் திருக்கோயிலின் இசைத்தூண்களைத் தட்டினால் கல்லும் சுரம் கூறும் என்பதை நம்மவர் யாவரும் அறிவர். ஆயினும், இசையறிவு ஒரு சில குடும்பங்களுக்கே பிறப்பால் உரியதென்றும், ஏனையோர் கேட்டு மகிழ்தலோடு அமைய வேண்டுமென்றும் எண்ணுவோர் நம்முள் இன்னும் உளர். அவ்வெண்ணம் பிழையென்பதை, 1904 முதல் 1907 வரை நம் சீமையாரால் இயற்றப்பெற்ற மூன்று நூல்கள் தெளிவிக்கும். அவற்றின் வரலாற்றையும், அவை காட்டும் வழியில் நம் சிறுவர் பெறற்குரிய பயனையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அக்காலத்துத் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்து, இக்காலத்துத் தூத்துக்குடி மாவட்டத்தில் அமைந்திருப்பது எட்டயபுரம். முத்துசாமி தீட்சிதர் 1835-இல் இவ்வூரிலேயே உயிர்நீத்தார். அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் இவ்வூர் அரண்மனை வித்துவானாய் விளங்கினார். அவருடைய மகள் வயிற்றுப் பேரராய்ப் பிறந்து, அவருக்கே சுவீகார புத்திரராயினவர் சுப்பராம தீட்சிதர் (1839–1906). முன்னோர் தேடிய கீர்த்தனங்களும் இலக்கணங்களும் இவர்பால் குடும்பச் செல்வமாய்த் தங்கியிருந்தன. ஆசிரியர் வாய்மொழியே ஏடாக இருந்த காலம் அது. வாய் அடங்கின் வித்தையும் அடங்கும். நம் உருப்படிகளை 1893-இல் ஐரோப்பியச் சுரக்குறியில் அச்சிட்ட சின்னசாமி முதலியார், இவ்விடரை உணர்ந்து, அச்செல்வத்தை உலகிற்கு வழங்குமாறு தீட்சிதரை வேண்டினார். சமஸ்தானத்தாரும் துணைநின்றனர். அதன் பயனாக 1904-இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூல், ஏறத்தாழ 1,700 பக்கங்களில், எட்டயபுரம் வித்தியாவிலாசினி அச்சுக்கூடத்தினின்று வெளிவந்தது.

அதனினும் வியக்கத்தக்கது பின்னர் நிகழ்ந்தது. பெருநூலை முடித்த அம்முதியவர் ஓய்ந்திராது, 1905-இல் தொடக்க மாணாக்கர்க்கென ‘பிரதமாப்பியாச புஸ்தகம்’ என்னும் முதற்பயிற்சி நூலையும் வெளியிட்டார். கடலளவு கற்றவர் குழந்தைக்கு அகரம் எழுதிக் கொடுத்தலன்றோ உயர்ந்த ஆசிரியத் தன்மை! ஆனால் இவ்விரு நூல்களும் தெலுங்கில் அமைந்தவை. தெலுங்கு இனிய மொழியே. எனினும் பொருள் அறியாத சொல்லைப் பாடும் பிள்ளை, கிளிபோல் ஒப்பிக்குமேயன்றித் தானாக ஒன்றை ஆக்க அஞ்சும்.

இக்குறையை நீக்க முற்பட்டவர் தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையில் 1859-இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளியாசிரியராயிருந்து, பின்னர்த் தஞ்சையில் சித்த மருத்துவராய்ப் புகழ்பெற்ற இவர், தொடக்க மாணாக்கர் பாடுதற்கேற்ற தமிழ்க் கீதம் முதலியவற்றைத் தாமே இயற்றி, 1907-இல் ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’ என வெளியிட்டார். 1912 முதல் 1916 வரை ஏழு இசை மாநாடுகளைத் தஞ்சையில் கூட்டியதும், 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ அச்சிட்டதும் பலரும் அறிந்தவை. 1916-இல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டில் அவர்தம் புதல்வியர் வீணை வாசித்துத் தந்தையார் கருத்தை விளக்கினர் என்பதைப் பெண்மக்களைப் பெற்றோர் நினைவில் இருத்துக.

இனி, தொடக்கப் பள்ளியில் இதனை எங்ஙனம் கற்பிப்பது? ச, ரி, க, ம, ப, த, நி என்னும் ஏழையும், அவற்றின் பழந்தமிழ்ப் பெயர்களாகிய குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பவற்றையும் முதலில் கூறுக. பின்னர் ஆதிதாளத்தைக் கையாற் போடச் செய்க. அதன் எட்டு எண்ணிக்கை நான்கு, இரண்டு, இரண்டு எனப் பகுபடும். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்னும் மாத்திரைக் கணக்கைப் பிள்ளைகள் தமிழ்ப்பாடத்திலேயே கற்கின்றனர். நம் ஆற்றை விளித்துத் ‘தாமிரபரணீ’ என்றால், ‘தாமிர’ நான்கு, ‘பர’ இரண்டு, ‘ணீ’ இரண்டு. ஓர் ஆவர்த்தனம் நிரம்பிற்று! மோகன இராகத்தின் ஐந்து சுரங்களாகிய ச, ரி, க, ப, த என்பவற்றை மட்டும் கொடுத்து, ‘தா’வுக்கு நீண்ட ச, ‘மிர’வுக்கு ரி க, ‘பர’வுக்கு ப த, ‘ணீ’க்கு நீண்ட ப எனப் பாடிக்காட்டுக. அடுத்த அடியைப் பிள்ளையே கட்டி, ச-வில் வந்து முடிக்கட்டும். கீதத்தில் பெரும்பாலும் ஓரெழுத்துக்கு ஒரு சுரமே அமைதலின், அஃது இளஞ்சிறார்க்கு எளிது. கும்மியும், சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் வளர்த்த காவடிச் சிந்தும் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகட்குத் தாளம் புதிதன்று.

பாட்டில் மனம் சென்றால் படிப்புக் கெடும் என்பார்க்கு ஒன்று கூறுவேம்: மேற்காட்டிய பயிற்சியில் கணக்கும் உண்டு, இலக்கணமும் உண்டு, தானே ஒன்றை ஆக்கினேன் என்னும் மகிழ்ச்சி அவற்றினும் மேலாக உண்டு. பிறர் செய்த பாட்டைக் கேட்டிருப்பதோடு நில்லாது, தன் ஊரையும் ஆற்றையும் தானே பாடவல்ல பிள்ளை எவர் முன்னும் தலைகுனியாது. தம் வீட்டுப் பொருளைத் தீட்சிதர் ஊர்ப்பொருளாக்கினார்; பண்டிதர் அவ்வழியில் தமிழ்க் குழந்தையின் நாவிற்கேற்ற பாட்டை ஆக்கித் தந்தார். அவர் திறந்த கதவை நாம் அடைத்துவிடல் தகாது. ஆதலின், நம் சங்கத்து அன்பர்கள் தத்தம் ஊர்ப் பள்ளிகளில் வாரத்தில் ஒரு நாழிகையேனும் இப்பாடம் நடைபெற ஆவன செய்வார்களாக.